‘எல்லோரையும் அழைத்தோம், நம்மவர்கள் வரவில்லை’

வாசகர் கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றேன். இப்போது பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் பூர்வ வித்யார்த்தி (முன்னாள் மாணவர்) சங்கத்துக்கு இணைச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். ஆண்டுதோறும் திருவோணத்துக்கு மறுநாளான அவிட்டம் நாளில் பாலக்காடு நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூட்டம் நடக்கிறது. தமிழ் மாணவர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் வருவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புகள் எல்லாம் மலையாள எழுத்தில்தான் வருகின்றன. ஒருவர் எங்கள் வகுப்பை ‘பாண்டி பேட்ச்’ என்று எழுதினார். நான் கேட்டதற்கு, பழைய நட்பின் உரிமை என்று பதில் வந்தது. செயலாளர் நல்ல மனிதர். கதவை யாருக்கும் அடைக்கவில்லையே, மொழிப் பிரச்சினையை ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று வருத்தப்படுகிறார். நம்மவர்கள் சிலர் தனிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நம்மவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது? நான் பிரிவினை பேசுகிறேனா? பொறுப்பை விட்டு விலகிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை உறங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. நீங்கள் பிரிவினை பேசவில்லை. ஒரே வகுப்பில் மூன்று ஆண்டு உட்கார்ந்தவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் ஏன் திரும்பி வருவதில்லை என்று கேட்பது சங்கப் பொறுப்பில் இருப்பவரின் முதல் கடமை. அதை யாரும் கேட்காமல் இருந்ததுதான் இத்தனை ஆண்டுக் குறை.

உங்கள் செயலாளர் சொல்வதில் பொய் இல்லை. கதவை அவர் அடைக்கவில்லை. ஆனால் கல்லூரி முடிந்து பத்து, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு சங்கம் உருவாகும்போது, அதை யார் உருவாக்குகிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி நாளில் யூனியன் தேர்தலில் நின்றவர்கள், கலைவிழா மேடையில் ஏறியவர்கள், விடுதியில் செல்வாக்கோடு இருந்தவர்கள், பிறகு நல்ல வேலைக்குப் போனவர்கள். அவர்களிடம் ஒருவருக்கொருவர் தொலைபேசி எண் இருக்கிறது. அவர்களுக்கு வசதியான நாளில், அவர்களுக்குப் பழகிய மொழியில், அவர்களுக்குக் கட்டுப்படியாகும் ஹோட்டலில் கூட்டம் நடக்கிறது. இதில் யாரும் யாரையும் விலக்க நினைக்கவில்லை. ஆனால் அன்று கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்தவர், இன்றும் அதே பெஞ்சுக்குத்தான் அழைக்கப்படுகிறார். அங்கே வந்து மறுபடி உட்கார அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமூகப்பணித் துறையில் கற்பித்தவன் என்ற முறையில் பல முன்னாள் மாணவர் கூட்டங்களின் ஏற்பாட்டில் நானும் இருந்திருக்கிறேன். ஒருமுறை, நான் பணியாற்றிய கல்லூரியில், வாசலில் மேசை போட்டுப் பதிவுப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தோம். பெயர், படித்த ஆண்டு, தற்போதைய பதவி, நிறுவனத்தின் பெயர் என்று நான்கு கட்டங்கள். என் பழைய மாணவர் ஒருவர் படிவத்தை வாங்கி, முதல் இரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு, வண்டியைச் சரியாக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்கு ஏறுகிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். பதவி என்ற கட்டம் யாரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அந்தக் கட்டத்தை வைத்ததில்லை. ஊர், படித்த ஆண்டு, பேச விரும்பும் மொழி, இவை போதும்.

அதனால், அடுத்த கூட்டத்தை எப்படிச் சிறப்பாக நடத்துவது என்று யோசிப்பதற்கு முன், பதிவேட்டில் கை வையுங்கள். உங்கள் சங்கத்திடம் இருக்கும் பட்டியல் வந்தவர்களின் பட்டியல். கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடு வந்திருக்க வேண்டியவர்களின் பட்டியல். முதல்வரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, ஓராண்டுக்கு ஒரு வகுப்பு என்று எடுத்துக்கொண்டாலும் போதும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லாதவர்கள் யார் என்பது ஒரு மாலைப்பொழுதில் தெளிவாகிவிடும். அதில் தமிழ் மாணவர்கள் இருப்பார்கள். திருமணமாகி வேறு ஊர் போன பெண்கள் இருப்பார்கள். அவர்களுடைய எண் மாறியிருக்கும், பல இடங்களில் பெயரின் பின்னொட்டும் மாறியிருக்கும், கல்லூரிப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்கமாட்டார்கள். இரண்டாம் ஆண்டில் கட்டணம் கட்ட முடியாமலோ, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டதாலோ நின்றுபோனவர்களும் இருப்பார்கள். அநேகமாக உங்கள் துணைவிதி ‘பட்டம் பெற்றவர்’ மட்டுமே உறுப்பினர் என்று சொல்லும். ஒரு பருவம் படித்திருந்தாலும் அவர் இந்தக் கல்லூரியின் பிள்ளைதான் என்று திருத்துங்கள். இந்த ஒரு சொல்லை மாற்றுவது, பத்து விருந்து வைப்பதைவிடப் பெரிய காரியம்.

பட்டியல் கிடைத்ததும் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒருவருடைய எண்ணையும் முகவரியையும் அவரைக் கேட்காமல் பரப்பும் உரிமை சங்கத்துக்கு இல்லை. தொலைந்து போக விரும்பியே தொலைந்தவர்களும் உண்டு. இருபது பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, நீங்களும் நம்பிக்கையான இன்னும் இருவரும் நேரில் பார்த்தோ தொலைபேசியிலோ பேசுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், அது குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும், அவரும் வேலை இருந்தது என்று சொல்லி முடித்துவிடுவார். எந்த நாளில், எந்த இடத்தில், எப்படி நடத்தினால் உங்களால் வர முடியும் என்று கேளுங்கள். பதில்களைப் பெயர் இல்லாமல் எழுதிச் செயற்குழுவில் வையுங்கள். செயலாளரிடம் நீங்கள் மொழிப் பிரச்சினை என்று பேசியபோது அது உங்கள் கருத்தாக இருந்தது. இருபது பேரின் பதிலாக வரும்போது அது சங்கத்தின் வேலையாகிவிடும்.

அந்தப் பதில்களில் சில என்னவாக இருக்கும் என்று இந்த எல்லைப் பகுதியில் வாழ்ந்த எனக்கு ஓரளவு தெரியும். நாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கோபாலபுரம், வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டிப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும்தான் வேலைக்குப் போகிறார்கள். திருவோணத்தன்று கோவையில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு. ஆலைக்கும் பட்டறைக்கும் தனியார் கடைக்கும் அது பொருந்தாது. மறுநாள் அவிட்டத்தன்று கூட்டம் என்றால் அவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். மறுபக்கம், பொங்கலுக்குக் கேரள அரசு பாலக்காடு உட்பட ஆறு எல்லை மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை தருகிறது. அன்று இரு பக்கமும் ஓய்வு. ஓணத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது அந்த மண்ணின் பண்டிகை, தமிழ் வீடுகளிலும் பூக்களம் போடுகிறார்கள். ஓராண்டு ஓணத்திலும் அடுத்த ஆண்டு பொங்கலை ஒட்டியும் என்று மாற்றி வைத்தால், யாருடைய நாட்காட்டியில் சங்கம் நடக்கிறது என்ற கேள்வியே எழாது. ஞாயிறு காலை என்றால் தேவாலயம் போகிறவர்களையும், ரமலான் மாதம் என்றால் நோன்பிருப்பவர்களையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள்.

இடம், ஹோட்டல் வேண்டாம். கல்லூரி வளாகமே போதும். ஹோட்டல் சாப்பாட்டுக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் என்றால் வராமல் இருப்பவரிடம், உங்களுக்கு மட்டும் இலவசம் என்று சொன்னால் அவர் இன்னும் தூரம் போவார். எல்லோருக்கும் குறைந்த கட்டணம் வைத்து, மிச்சத்தை முடிந்தவர்கள் பெயர் சொல்லாமல் பெட்டியில் போடட்டும். கூட்டம் மாலை நான்கு மணிக்குள் முடிந்தால் கொழிஞ்சாம்பாறைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் பேருந்து பிடிக்கும் பெண்கள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போவார்கள். குழந்தைகளுக்கு ஓர் அறையும் பார்த்துக்கொள்ள இருவரும் இருந்தால் இன்னும் நல்லது.

இனி மொழி. நீங்கள் எழுதாத, ஆனால் செயலாளருக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி இதில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்த உங்கள் பகுதிப் பிள்ளைகள் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள், புரிந்துகொள்வார்கள். பலருக்கு எழுத்துதான் தெரியாது. அன்றாடம் தங்களோடு மலையாளத்தில் பேசுகிறவர்களுக்கு மலையாள அறிவிப்பைப் படிக்க முடியவில்லை என்பது நகரத்து நண்பர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும், வேண்டுமென்றே விலகுவதாகத் தோன்றும். ஆகவே ஒவ்வோர் அறிவிப்பும் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நான்கைந்து வரிகளில் போகட்டும். கூடவே யாராவது மலையாளத்தில் பேசிப் பதிவுசெய்த ஒரு குரல் செய்தியும் போகட்டும். குரல் செய்தி எழுத்துத் தெரியாத தமிழருக்கு மட்டுமல்ல, பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும், சின்ன எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் அறுபது வயதைக் கடந்தவருக்கும் உதவும். மேடையில் அவரவர் மொழியில் பேசலாம் என்று தொடக்கத்திலேயே தலைவர் தம் வாயால் சொல்லிவிட்டால், பாதிப் பயம் நீங்கிவிடும்.

இதைச் சலுகை என்று யாராவது சொன்னால், வரலாற்றை நினைவூட்டுங்கள். 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது, பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்தும், சித்தூர் வட்டம் பழைய கொச்சி அரசின் பகுதியாகத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்தும் வந்து சேர்ந்தன. எல்லை மாறியது, மக்கள் இடம் மாறவில்லை. இப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மொழிச் சிறுபான்மையினர் இருப்பார்கள் என்று தெரிந்துதான், அதே 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தின் வழியாக, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யவேண்டும் என்ற 350அ பிரிவை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். கல்விநிலையங்களின் வரலாறும் அப்படித்தான். பாலக்காட்டின் பழைய கல்லூரியில் படித்த மூன்று தலைமுறையினரின் பட்டச் சான்றிதழ்களை அருகருகே வைத்தால், ஒன்றில் சென்னைப் பல்கலைக்கழகம், அடுத்ததில் கேரளப் பல்கலைக்கழகம், 1968-க்குப் பிந்தியதில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் என்று இருக்கும். அந்த மண்ணில் யாரும் விருந்தாளி அல்லர். இதைச் சண்டைக்காகச் சொல்லாமல், அடுத்த கூட்டத்தில் பழைய சான்றிதழ்களையும் வகுப்புப் படங்களையும் வைத்து ஒரு சிறு கண்காட்சியாகவே காட்டலாம். பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

‘பாண்டி’ என்ற சொல்லைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதக் கை தயங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பாண்டிய நாட்டின் பெயர் இழிசொல்லாக மாறியிருப்பது தமிழருக்கு எப்படி வலிக்கிறதோ, அப்படித்தான் தமிழர் நாவில் வரும் சில சொற்கள் மலையாளிகளுக்கும் வலிக்கின்றன. முன்னாள் மாணவர் கூட்டங்களில் இது ஒரு தனிச் சிக்கல். கல்லூரிக் காலத்துப் பட்டப்பெயர்கள் அங்கே உயிர் பெற்று எழுகின்றன. நிறத்தையும் உடலையும் சாதியையும் ஊரையும் நடையையும் குறித்து அன்று வைத்த பெயர்களை, இன்று பிள்ளைகளின் முன்னால் மேடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். வைத்தவருக்கு அது இளமையின் நினைவு. சுமந்தவருக்கு மூன்று ஆண்டும் தினம் காலையில் வகுப்புக்குள் நுழைந்த நினைவு. நட்பின் உரிமை என்றால், அந்த உரிமையை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கவேண்டும்.

இதற்கு விசாரணையும் நடவடிக்கையும் வேண்டாம் என்பது என் கருத்து, முதல்முறை என்பதால். எழுதியவரைத் தனியாக அழைத்து, அந்தச் சொல் உங்களுக்கு எப்படி விழுந்தது என்று சொல்லுங்கள். நேரில் சொன்னால் பெரும்பாலோர் வருந்துவார்கள், குழுவில் சொன்னால் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். அதோடு, ஒருவரை அவர் தாமே சொல்லும் பெயரால் மட்டுமே மேடையிலும் குழுவிலும் அழைப்பது என்ற ஒரே விதியைச் செயற்குழு ஏற்று அறிவிக்கட்டும். மீண்டும் மீண்டும் நடந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு இருவர், அதில் ஒருவர் பெண், பொறுப்பில் இருக்கட்டும். அந்த இருவரும் நிர்வாகிகளாக இல்லாமல் இருப்பது நல்லது.

அந்த விதி இன்னும் சிலருக்கும் காவலாக நிற்கும். கல்லூரியில் ஒரு பெயரோடு படித்து, இன்று திருநங்கையாகவோ திருநம்பியாகவோ வேறு பெயரில் வாழ்கிறவர் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்துகொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் உறுதி செய்தது. கேரளம் 2015-இல் அவர்களுக்கான கொள்கையை வெளியிட்டது. சங்கம் செய்ய வேண்டியது மிகச் சிறியது. பதிவேட்டில் இன்றைய பெயர் இருக்கட்டும். பழைய வகுப்புப் படத்தைத் திரையில் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இப்போது உங்களுக்கே ஒரு சொல். உங்கள் கடிதத்தில் ‘நம்மவர்கள்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் யார் யார் இருக்கிறார்கள்? பாலக்காட்டுப் பகுதியில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரே கூட்டம் இல்லை. கிழக்கே தோட்டமும் நிலமும் உள்ள கொங்கு விவசாயக் குடும்பங்கள், அவர்களுடைய நிலத்தில் தலைமுறையாக வேலை செய்யும் அருந்ததியர் குடும்பங்கள், நெசவுக் குடும்பங்கள், தமிழ் பேசும் இராவுத்தர்கள், கல்பாத்தி அக்கிரகாரத்தார் என்று எல்லோரும் தமிழர்தான். அட்டப்பாடி இருளரின் மொழியும் தமிழுக்கு நெருங்கியது. அங்கிருந்து ஒரு மாணவி உங்கள் கல்லூரி வரை வந்திருந்தால், அவள் கடந்துவந்த தூரத்தை நாம் யாரும் கடக்கவில்லை. மலையாள எழுத்துத் தெரியாததால் வராதவர் ஒருவர். தமிழ் மாணவர்களே ஒன்றாக உட்கார்ந்து உண்ட மேசையில் தமக்கு இடம் இல்லாதிருந்ததை மறக்க முடியாமல் வராதவர் இன்னொருவர். என் மாணவி ஒருத்தி, விடுதியில் மலையாளப் பிள்ளைகள் தன்னைத் தமிழச்சி என்று மட்டும் பார்த்தார்கள் என்றும், தமிழ்ப் பிள்ளைகளோ ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, எந்தத் தெரு என்றும் கேட்டார்கள் என்றும் என்னிடம் சொன்னாள். இரண்டில் எது அவளை அதிகம் துன்புறுத்தியது என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது.

நீங்கள் பேசப்போகும் இருபது பேரில், உங்களுக்கு எளிதில் எண் கிடைப்பவர்கள் உங்கள் தெருவுக்கும் உங்கள் உறவுக்கும் அருகிலிருப்பவர்களாகவே இருப்பார்கள். அவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு தமிழர் வந்துவிட்டார்கள் என்று சங்கம் திருப்திப்பட்டால், செயலாளரின் ‘கதவு அடைக்கவில்லை’ என்ற வாக்கியத்தை நாமும் நம் பங்குக்குச் சொல்லத் தொடங்கியிருப்போம். ஆகவே பட்டியலில் பாதிப் பேராவது உங்களுக்கு இதுவரை பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருக்கட்டும். அவர்களில் சிலர் உங்கள் மீதே கோபமாக இருக்கக்கூடும். மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல் ஊனம் உள்ள வகுப்புத் தோழர்களைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை; பெரும்பாலான சங்கங்களின் நினைவிலும் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றிருந்தது, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது; அரசு உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் தரவேண்டும் என்கிறது. அப்படிப் படித்து வெளியேறியவர்கள் இப்போது உங்கள் உறுப்பினர்கள். அரங்கம் முதல் மாடியில் என்றால் அவர்களுக்கு அழைப்பு அனுப்பியதற்குப் பொருளில்லை. தரைத்தளத்தில் வையுங்கள், படி இருந்தால் சாய்தளம் போடுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலியைத் தாமே தள்ளி ஏற முடியும்; இரண்டு பலகையைச் சரித்து வைத்துவிட்டு நான்கு பேர் தூக்கிவிடுவது உதவி ஆகாது. கழிப்பறை வரை நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருந்து பெருந்தொகை அனுப்புகிறவர்களால்தான் பல சங்கங்கள் உதவித்தொகை தர முடிகிறது; அவர்களுக்கு நன்றி உரியது. ஆனால் நன்றி வேறு, வாக்கு வேறு. ஆயுள் சந்தா கட்டியவருக்கும் ஆண்டுச் சந்தா கட்டியவருக்கும் ஒரே வாக்குத்தான் என்று துணைவிதியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே குழுவினரே சுற்றிச் சுற்றி நிர்வாகிகளாக வராதபடி, ஒரு பொறுப்பில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக்கூடாது என்று சேர்க்கலாம்.

உதவித்தொகை பெறும் மாணவனை மேடைக்கு அழைத்து, கொடுப்பவர் காசோலையின் ஒரு முனையையும் வாங்குபவர் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. தன் வறுமையைத் தன் வகுப்பின் முன்னால் காட்டித்தான் கட்டணம் கட்டவேண்டும் என்றால், பத்தாண்டு கழித்து அந்த மாணவன் உங்கள் கூட்டத்துக்கு ஏன் வருவான்? நேராக வங்கிக் கணக்குக்குப் போகட்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்குப் பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது, விண்ணப்பம் நிரப்பவும் நேர்காணலுக்குத் தயாராகவும் பக்கத்தில் உட்காரும் ஓர் ஆள். அந்த ஆளாக இருக்கத் தகுதியானவர் பெரிய பதவியில் இருப்பவர்தான் என்று எண்ணவேண்டாம். அதே வேலந்தாவளத்திலிருந்து அதே பேருந்தில் வந்து படித்து, இன்று கிராம அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மூத்த மாணவர் சொல்வது அவனுக்குச் சட்டென்று புரியும். இந்த வேலைக்கு அழைத்தால், விருந்துக்கு வராத பலர் வருவார்கள். ஒருவரிடம் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று ஒரு சங்கம் நினைக்கிறதென்றால், அந்தச் சங்கத்துக்குப் போக அவருக்குக் கூச்சம் இருக்காது.

தனிச் சங்கம் வேண்டாம் என்பது என் முடிவு. தமிழ் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் கொழிஞ்சாம்பாறையில் தம் மொழியில் கூடிப் பேசுவது நல்லது, அதைச் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கிளைக் கூட்டமாக நடத்துங்கள். ஆனால் பெயரைப் பிரித்துக்கொண்டு போனால், உதவித்தொகை யாருக்கு என்ற முடிவும், கல்லூரியில் நம் கருத்தைச் சொல்லும் இடமும், வாக்கும் பழைய சங்கத்திடமே தங்கிவிடும். புதிய சங்கத்திலும் எந்தத் தெரு என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே வரும்.

செயலாளரிடம் பேசும்போது அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அவர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த நன்மையை நம்பித்தான் நான் இவ்வளவும் எழுதினேன். அவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டில், ஐந்தாம் அளவுகோலில் முன்னாள் மாணவர் பங்களிப்பு என்று தனிப்பிரிவு உண்டு. பதிவுபெற்ற சங்கம் கல்லூரிக்கு என்ன செய்தது என்று கேட்பார்கள். சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்த உறுப்பினர் பட்டியலும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான வழிகாட்டலும் அவர் கோப்பில் பெருமையாக வைக்கக்கூடியவை. இருபது பேரிடம் பேசும் வேலையில் அவரையும் நான்கு பேரிடம் பேசச் சொல்லுங்கள். அதில் ஒருவராவது வேலந்தாவளம் பக்கத்துக்காரராக இருக்கட்டும், தொலைபேசியில் இல்லாமல் நேரில்.

விலகவேண்டாம். உங்கள் முன் இருக்கும் காலக்கெடு வேறு. துணைவிதித் திருத்தங்களைப் பொதுக்குழுவில் வைக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், எத்தனை பங்கு உறுப்பினர் ஆதரிக்க வேண்டும் என்று துணைவிதியிலேயே எழுதியிருக்கும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். ‘பட்டம் பெற்றவர்’ என்பதை ‘பயின்றவர்’ என்று மாற்றும் திருத்தம், ஒருவருக்கு ஒரு வாக்கு, பொறுப்புக்கு இரண்டு முறை வரம்பு ஆகிய மூன்றையும் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, செயலாளரையே முன்மொழியச் சொல்லி, நீங்கள் வழிமொழியுங்கள். பொதுக்குழு முடிந்த பிறகு, அந்த இருபது பேரில் எத்தனை பேர் வந்தார்கள், வராதவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.